பார்த்த இடமும் குறித்த இடமும்

கேமரன் மலைக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு நில அளவையாளர். அந்த மலை நாற்பது ஆண்டுகள் யார் கைக்கும் சரியாக அகப்படாமல் இருந்ததற்கும் பாதிக் காரணம் அவர்தான். 1885ல் வில்லியம் கேமரன் பிரிட்டிஷ் அரசுக்காகப் பேராக், பகாங் எல்லைக் காடுகளை அளக்கப் போனார். கூலோப் ரியாவ் என்பவர் வழித்துணை. சுற்றிலும் உயர்ந்த மலைகள் நிற்க, நடுவே மென்சரிவுகளோடு விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகக் கேமரன் எழுதிவைத்தார். எழுதினாரே தவிர, பின்னால் வருகிறவர் நம்பிப் போகும்படி அதை வரைபடத்தில் குறித்துவைக்கவில்லை. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். தேடிப் போனவர்களுக்கு 'அவர் சொன்ன இடம் இதுதானா' என்ற ஐயம் தீரவில்லை. 1925ல் பிரிட்டிஷ் நிர்வாகி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இங்கே மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது.

கேமரனின் கண்ணில் குறையில்லை. மேட்டுநிலம் அங்கேதான் இருந்தது. ஓர் இடத்தைத் தெளிவாகப் பார்ப்பது ஒரு வேலை. பூமியின் மேல் அது எங்கே இருக்கிறது என்று சொல்வது வேறு வேலை. இன்று ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள டிரோன் முதல் வேலையை மிக மலிவாக்கிவிட்டது. இரண்டாவது வேலை அவ்வளவு மலிவாகவில்லை. டிரோன் விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். இந்த அத்தியாயம் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. அதற்குத் தேயிலை மலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சமவெளியில் மறைந்துகொள்ளும் பிழைகள் எல்லாம் இங்கே சரிவில் பல்லிளித்துவிடும்.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. மாவட்டம் முழுவதும் 712 சதுர கிலோமீட்டர். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தோட்டமும் 1933ல் தொடங்கிய 'பாரத்' தோட்டமும்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சைச் சரிவுகள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் கன்று நட்ட மலைகள் அவை. இப்போது அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்.

தோட்ட நிர்வாகிக்கு வரைபடம் சும்மா சுவரில் மாட்ட அல்ல. இந்தப் பிரிவில் எத்தனை ஏக்கர் தேயிலை, எந்தத் துண்டில் எந்த ஆண்டு கவாத்து (செடியை வெட்டித் தாழ்த்துவது) நடந்தது, எவ்வளவு உரம் ஏற்ற வேண்டும், மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது, எந்த ஓரத்தில் மண் சரியத் தொடங்கியிருக்கிறது என்ற கேள்விகள் அத்தனைக்கும் அடியில் ஒரு வரைபடம் இருக்கிறது. பழைய வரைபடங்களில் பல, சங்கிலியும் கோணமானியும் கொண்டு ஆட்கள் சரிவில் ஏறி இறங்கி வரைந்தவை.

ஒளிப்படத்திலிருந்து அளவு எடுக்கும் யோசனை டிரோனைவிட மிகப் பழையது. 1850களிலேயே பிரெஞ்சு ராணுவ அதிகாரி எமே லோஸ்டா ஒளிப்படங்களைக் கொண்டு வரைபடம் செய்து பார்த்தார். அடிப்படை எளிது. கையை நீட்டி, கட்டைவிரலை ஒருமுறை இடக்கண்ணாலும் ஒருமுறை வலக்கண்ணாலும் பார்த்தால், பின்னாலுள்ள சுவரைவிட விரல் அதிகம் இடம் மாறும். அருகில் இருப்பது அதிகம் நகரும், தொலைவில் இருப்பது குறைவாக நகரும். வானிலிருந்து எடுத்த இரண்டு படங்களிலும் அப்படித்தான். மலைமுகடு அதிகம் நகரும், பள்ளத்தாக்கின் ஓடை குறைவாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் உயரம் வந்துவிடும்.

முன்பு இதற்கு விமானம் வேண்டும், பெரிய கேமரா வேண்டும். படம் எடுத்த கணத்தில் கேமரா எங்கே இருந்தது, எப்படிச் சாய்ந்திருந்தது என்பதையும் பாடுபட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 1981ல் லோங்கெட்-ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் ஒரு கணித வழியைக் காட்டினார். இரண்டு படங்களிலும் ஒரே புள்ளிகள் சில அடையாளம் தெரிந்தால் போதும். கேமராக்கள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் இருந்தன என்பதையும் புள்ளிகளின் முப்பரிமாண அமைப்பையும் சேர்த்தே கணக்கிடலாம். 1999ல் டேவிட் லோ, கோணமும் அளவும் மாறினாலும் படங்களுக்கிடையில் ஒரே புள்ளியைக் கணினி தானாக அடையாளம் காணும் முறையை வெளியிட்டார். இவை இரண்டும் கைகோத்த பிறகு, ஆட்டம் கண்ட படங்களும் சாய்ந்த படங்களும்கூடப் பயன்பட்டன. சின்ன டிரோனால் மலையை அளக்க முடிவதற்கு இறக்கைகளைவிட இந்தக் கணக்குகள்தாம் பெரிய காரணம்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். அளவை வேலையில் பரவலாகப் புழங்கிய ஒரு வகை டிரோனின் கேமராவில் ஒரு படப்புள்ளியின் அகலம் 2.4 மைக்ரோமீட்டர், லென்சின் குவியத் தூரம் 8.8 மில்லிமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு படப்புள்ளி தரையில் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டரை மூடும். ஒரு முழுப் படம் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலத்தைக் காட்டும். பறக்கும் திசையில் 80 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்றால், 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு பறப்புக்கோடு. ஒரு ஹெக்டேருக்குப் பதினோரு படங்கள். நூறு ஹெக்டேர்த் தோட்டப் பிரிவுக்கு ஆயிரத்து நூறு படங்கள். சில மின்கலங்கள் மாற்றினால் காலை வேலை முடிந்துவிடும்.

சமவெளியில் அவ்வளவுதான். கேமரன் மலையில் இதே கணக்கு எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கிளம்பி 100 மீட்டர் உயரத்தில் நேர்மட்டமாகப் பறக்கிறது டிரோன். எதிரே மலை 60 மீட்டர் உயர்ந்து வருகிறது. அந்த இடத்தில் டிரோனுக்கும் தரைக்கும் இடைவெளி 40 மீட்டர்தான். இப்போது ஒரு படம் மூடுவது 60 மீட்டருக்கு 40 மீட்டர். படங்கள் 20 மீட்டருக்கு ஒன்றாகவே எடுக்கப்படுகின்றன. முன்னே பின்னே படிவு 80லிருந்து 50 சதவீதமாகிறது. பக்கவாட்டில் 70 இருந்தது 25 ஆகிறது. பள்ளத்தாக்கில் அழகாக ஒட்டிய படங்கள் முகட்டில் ஒட்டாமல் பிய்ந்து நிற்கும். முகடுதான் தோட்டச் சாலை போகும் இடம்.

இதற்கு மருந்து, தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறப்பது. அப்படிப் பறக்கத் தரையின் உயரம் முன்கூட்டியே தெரிய வேண்டும். வரைபடம் வரைய ஒரு வரைபடம் தேவைப்படுகிறது என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு திரட்டிய உலக உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டர். அது காட்டுவது தரையையா மரத்தலையையா என்பது காட்டின் அடர்த்தியைப் பொறுத்தது. தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் இந்தத் தரவை அப்படியே நம்பிப் பறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் பாதுகாப்பான உயரத்தில் ஒரு கரடுமுரடான சுற்று, அதிலிருந்து ஓர் உயர மாதிரி, அதைப் பின்பற்றி இரண்டாவது சுற்று என்று செய்வதே நல்லது. மலேசியாவில் சிறப்பு அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. நில அளவைக்காகத் தரவு திரட்டும் டிரோனுக்கு மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வாங்க வேண்டும்.

உயரமும் வானிலையும் தம் பங்குக்கு வேலை காட்டும். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. விசிறிகள் கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டும். மின்கலம் சீக்கிரம் தீரும். பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும் என்பதால் காலையில்தான் பறக்க வேண்டும். காலையிலோ மலையின் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் ஆழ்நிழல். நிழலில் கேமரா நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் டிரோன் அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 2.7 சென்டிமீட்டர் நுணுக்கம் என்று போட்ட கணக்கு அங்கேயே அழிந்து கலங்கிவிடுகிறது. மெதுவாகப் பறப்பதே நல்லது.

தேயிலைக்கென்றே உள்ள தொல்லை ஒன்றும் உண்டு. கணினி இரண்டு படங்களிலும் ஒரே புள்ளியைத் தேடுகிறது என்று சொன்னேன். பறிப்பு முடிந்து மட்டம் கட்டிய தேயிலையில் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் என்ன வித்தியாசம்? நிரைக்கு நிரை ஒரே பச்சை, ஒரே உயரம், நடுவில் ஒரே அகலத்தில் நடைபாதை. காற்றடித்தால் இலைகளும் இடம் மாறும். தப்பான செடியோடு தப்பான செடியைச் சேர்த்துவிட்டு, கணினி ஓர் இல்லாத மேட்டை வரைந்து தரும். பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் இதைவிட மோசம். பளபளப்பு ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழும். கூரை பாதி ஊடுருவித் தெரியும். அந்த இடங்களில் முப்பரிமாண மாதிரி கொதித்துப் பொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் முதல் வேலையின் சங்கடங்கள். பழகிய கை இவற்றைச் சமாளித்துவிடும். இப்போது இரண்டாவது வேலைக்கு வருவோம்.

எல்லாப் படங்களும் அழகாக ஒட்டி, இலை இலையாகத் தெரியும் மாதிரி திரையில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய படங்களுக்கு ஒன்றுக்கொன்று உறவு தெரியும், பூமியோடு உறவு தெரியாது. டிரோனிலுள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிழையோடு ஓர் இடத்தைச் சொல்லும். முழுத் தோட்டமும் அந்தச் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடும். அதைவிடக் கள்ளத்தனமான பிழை இன்னொன்று. லென்சின் வளைவைக் கணினி துளி தவறாக மதிப்பிட்டாலும், நேர் கீழே பார்த்து எடுத்த படங்களால் ஆன மாதிரி முழுவதும் மெல்ல வளைந்து, நடு உயர்ந்தோ தாழ்ந்தோ போகும். எந்த ஒரு செடியைப் பார்த்தாலும் பிழை தெரியாது. படம் கூர்மையாக இருக்கும், பச்சை பச்சையாக இருக்கும். ஆனால் தோட்டத்தின் ஒரு முனைக்கும் நடுவுக்கும் இடையில் வாய்க்காலின் சாய்வே பொய்யாகிவிடும். ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் உயரப் பிழை என்றால், கன அளவில் ஆயிரம் கன மீட்டர். நூறு லாரி மண்ணுக்கு மேல் இருக்கும். மண்சரிவில் எவ்வளவு மண் இறங்கியது என்று அளக்கப் போனவர் இந்தக் கணக்கை மறந்தால், நடக்காத சரிவை நடந்ததாக அறிக்கை எழுதிவிடுவார்.

இதற்கு மருந்து தரையில்தான் இருக்கிறது. பறப்பதற்கு முன் தோட்டத்தின் மூலைகளிலும் நடுவிலும், மேட்டிலும் பள்ளத்திலும், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை வைத்து, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் உயர்தரக் கருவியால் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்துவிடுவார்கள். படத்தில் அந்தப் பலகை தெரியும் இடத்தை அளந்த எண்ணோடு கட்டிப்போட்டால் மாதிரி பூமியில் வந்து அமரும். சில பலகைகளைக் கட்டிப்போடாமல் தனியே வைத்திருந்து, மாதிரி சொல்லும் எண்ணும் அளந்த எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை இல்லாத டிரோன் வரைபடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஓவியம் என்றே எடுத்துக்கொள்வேன். இன்றைய அளவை டிரோன்கள் ஆர்டிகே முறையில், தரையிலுள்ள நிலையம் அனுப்பும் திருத்தங்களை வாங்கி, ஒவ்வொரு படம் எடுத்த இடத்தையும் சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். பலகைகளின் எண்ணிக்கை அதனால் குறையும், ஒழிந்துவிடாது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பாதி வானம் மலைக்குப் பின்னால் போய்விடும். துணைக்கோள்கள் போதாமல் போகும். முகடு குறுக்கே வந்தால் திருத்தங்களைக் கொண்டுவரும் தொலைபேசி அலையும் அறுந்துவிடும். மலேசிய நில அளவை, வரைபடத் துறை (மலாய்ச் சுருக்கத்தில் ஜூபெம்) நடத்தும் மைஆர்டிகேநெட் நிலையங்களின் திருத்தங்கள் அந்தக் கணத்தில் கைக்கு வராது. அப்போது பதிவுசெய்து வைத்துக்கொண்டு, இறங்கிய பிறகு கணக்குப் போட வேண்டியதுதான்.

முதலில் சில புள்ளிகளை அசைக்க முடியாதபடி நிறுவு, பிறகு உள்ளே நிரப்பு என்ற இந்த ஒழுங்கு தமிழ் மண்ணுக்குப் பழக்கமானது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முக்கோணங்களால் அளந்த பெரும்பணி அங்கிருந்து கிளம்பியது. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது, 1808ல், கயிறு நழுவி அது மோதிச் சேதமடைந்ததும், லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ததும் அளவைக்காரர்கள் மத்தியில் இன்றும் சொல்லப்படும் கதை. அவ்வளவு பாடும் எதற்கு? ஊரும் ஆறும் வயலும் வரைவதற்கு முன், சில புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று ஐயமறத் தெரிய வேண்டும் என்பதற்காக. கேமரனுக்குக் கிடைக்காதது அந்தப் புள்ளிகள்.

நிறுவிய புள்ளியும் நிலையாக நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவித் தீவு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. அதற்குச் சற்று முன்புதான் மலேசியா ஜிடிஎம்2000 என்ற புதிய ஆள்கூற்று முறைக்கு மாறியிருந்தது. அதைப் பின்னால் திருத்த வேண்டியதாயிற்று. கேமரன் மலைத் தோட்டங்களின் பழைய வரைபடங்கள் அதற்கும் முந்தைய, கெர்த்தாவ் என்ற அடிப்படைப் புள்ளியைச் சார்ந்தவை. அவற்றைப் புதிய டிரோன் படத்தின் மேல் மாற்றமின்றி வைத்தால் எல்லைக்கோடு செடிகளின் மேல் விலகி ஓடும். பார்க்கிறவர் பக்கத்துத் தோட்டக்காரர் ஆக்கிரமித்துவிட்டார் என்று நினைப்பார்.

உயரத்திலும் ஒரு பொறி. துணைக்கோள் கருவி சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்காகக் கணிதத்தில் வரைந்த வழவழப்பான நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டம் பூமியின் ஈர்ப்பைப் பொறுத்து அதற்கு மேலோ கீழோ போகும். உலகிலேயே அந்தப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். நூறு மீட்டருக்கும் மேல். சென்னை மெரினாவில் நின்று திருத்தாத எண்ணைப் படித்தால், கடலுக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் கருவி சொல்லும். பகாங்கில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. ஆனாலும் தண்ணீர் ஓடுவது ஈர்ப்பின் சொல் கேட்டுத்தான், நீள்கோளத்தின் சொல் கேட்டு அல்ல. வாய்க்கால் வெட்டுகிறவர் ஈர்ப்பு மாதிரியைக் கொண்டு உயரத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

சரி, புள்ளிகளும் அமைந்தன, உயரமும் திருந்தியது. டிரோன் காட்டுவது எதை? கேமரா தரையைப் பார்க்கவில்லை, தேயிலையின் தலையைப் பார்க்கிறது. இடுப்பளவு வளர்ந்த மட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு பொய்த்தரை. கவாத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பறந்து, இரண்டு மாதிரிகளைக் கழித்துப் பார்த்தால் மலையே அரை மீட்டர் தாழ்ந்துவிட்டதாகத் தெரியும். அறியாதவருக்கு அது மண்ணரிப்பு, அறிந்தவருக்கு அது வேலைக்கணக்கு. எந்தத் துண்டில் கவாத்து முடிந்தது, எங்கே கத்தி ஆழமாகப் போனது என்பதை அந்தக் கழித்தலே சொல்லிவிடுகிறது. கவாத்துப் பதிவேடும் டிரோன் தரவும் ஒரே மேசையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. பெரும்பாலும் அவை வேறு வேறு அறைகளில் இருக்கின்றன.

தரையே வேண்டும் என்றால் லைடார். நொடிக்கு லட்சக்கணக்கான லேசர்த் துடிப்புகளை அனுப்பி, அவை மோதித் திரும்பும் நேரத்தை அளப்பது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். கருவி எவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கும். பெரும்பாலான துடிப்புகள் இலையில் மோதித் திரும்ப, சில மட்டும் இடைவெளிகளில் நுழைந்து மண்ணைத் தொட்டுவிட்டு வரும். அந்தச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்தால் காட்டை நீக்கிய தரை கிடைக்கும். 2012ல் கம்போடியாவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த லைடார், காட்டுக்கடியில் கிடந்த பழைய நகரங்களின் தெருக்களைக் காட்டியது. கேமரன் மலையிலும் விமான லைடார்த் தரவைக் கொண்டு பழைய மண்சரிவுகளின் தடங்களை ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். பிஸ்வஜித் பிரதான் முதலியோர் 2010 வாக்கிலேயே இங்கே எந்தச் சரிவு சரியக்கூடும் என்று கணினி வழியே வரைபடம் செய்து வெளியிட்டனர். ஒன்று மட்டும்: அடர்ந்த தேயிலையில் இடைவெளி அரிது. லைடார் டிரோனின் விலையைக் கொடுத்தும் மண்ணைத் தொட்ட புள்ளிகள் நிரைகளுக்கு நடுவே மட்டும் கிடைக்கலாம். காட்டுப் பக்கம் சொல்லவே வேண்டாம். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இந்த மலையில் நடக்கப் போய்க் காணாமல் போனார். பெரும் தேடல் நடந்தும் தடயம் கிடைக்கவில்லை. இங்கே இலைக்கூரை அப்படிப்பட்டது.

இப்போது ஏக்கர். நிலப்பட்டாவில் எழுதியிருக்கும் பரப்பு, சரிவின் பரப்பு அல்ல. சரிவை நேர்மேலிருந்து பார்த்தால் விழும் கிடைமட்டப் பரப்பு. உலகெங்கும் வழக்கம் இதுதான். பழைய சங்கிலிக்காரர்கள் சரிவில் சங்கிலியைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளந்தது இதற்காகவே. 35 பாகைச் சரிவில் பட்டா ஓர் ஏக்கர் என்றால், கால் படும் நிலம் 1.22 ஏக்கர். 4 அடிக்கு 2½ அடி இடைவெளியில் கன்று நடுவதாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சமநிலத்தில் ஏக்கருக்கு 4,356 செடிகள். அந்தச் சரிவில், இடைவெளியைத் தரையோடு ஒட்டி அளந்தால், 5,300க்கு மேல். கிட்டத்தட்ட ஆயிரம் செடிகள் காகிதத்தில் இல்லை, மலையில் இருக்கின்றன. உரமூட்டை சுமப்பவருக்கும் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கும் அந்த ஆயிரம் செடி தெரியும். வேலையை ஏக்கர்க் கணக்கில் பங்கு போடும்போது எந்த ஏக்கர் என்று கேட்பது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். டிரோன் மாதிரியிலிருந்து இரண்டு பரப்பையும் கணக்கிடலாம்; முன்பு அந்த வசதி எளிதில் இல்லை.

இதிலும் எச்சரிக்கை தேவை. சரிவின் பரப்பை 3 சென்டிமீட்டர் கட்டத்தில் கணக்கிட்டால் ஒவ்வோர் இலையின் மேடுபள்ளமும் சேர்ந்து பரப்பு ஊதிக்கொண்டே போகும். கட்டத்தைச் சிறிதாக்கினால் ஏக்கர் இன்னும் கூடும். இரண்டு மூன்று மீட்டர் அளவுக்கு மழித்த பிறகே எண்ணுக்கு அர்த்தம் வரும். எந்த அளவில் மழித்தார்கள் என்று சொல்லாமல் தரும் சரிவுப் பரப்பை யாரும் ஏற்கத் தேவையில்லை.

பட்டாவின் கிடைமட்ட ஏக்கருக்கோ டிரோன் சாட்சி சொல்ல முடியாது. மலேசியாவில் உரிமை எல்லையை அளந்து உறுதி செய்யும் வேலை ஜூபெம் துறைக்கும், 1958ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கும் உரியது. எல்லைக்கல்தான் எல்லை. கல்லின் மேல் தேயிலை படர்ந்திருந்தால் வானத்திலிருந்து கல் தெரியாது. ஆள் போய்ச் செடியை விலக்கித்தான் தேட வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்திலும் இதே நிலைதான். கிராமத்து வீட்டுமனைகளை டிரோன் படமெடுப்பதற்கு முன் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பால் எல்லைக்கோடு போட வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதில் அண்ணன் தம்பி சண்டை வந்தால் டிரோன் காத்திருக்கும்.

கேமரன் மலையில் இந்த வேலைக்கு மிக அவசரமான பயன் ஏக்கர்க் கணக்கில் இல்லை, மண்ணில் இருக்கிறது. காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் திறக்கப்பட்டு, கருங்கல் சிதைந்த தளர்ந்த மண் மழைக்கு ஓடி, ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் படிகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது அதற்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. தேக்கத்தில் வண்டல் எவ்வளவு ஏறுகிறது என்று டிரோனால் சொல்ல முடியாது. கலங்கிய நீருக்கடியில் ஒளி போகாது. படகில் ஒலிமானி வைத்து அளக்க வேண்டும். ஆனால் மேலேயுள்ள சரிவுகளை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னும் பின்னும் அதே பலகைகளை, அதே இடங்களில், அதே ஆள்கூற்று முறையில் வைத்துப் பறந்து அளந்தால், எந்த ஓடையில் எவ்வளவு மண் கிளம்புகிறது என்று தெரியும். படகின் கணக்கும் டிரோனின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் ஒன்றில் பிழை. அல்லது அளக்காமல் விட்ட சரிவு ஒன்று எங்கோ இருக்கிறது.